"எங்கட டைனோசர்" என்று சொல்வதற்கு முன்

போன வருடம் நான் ஒரு பிழை செய்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் நேர்மையாக இருக்காது. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவிக்குப் போகிறேன். நானும் சின்ன வயதில் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில், மற்றப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் நேரத்தில், 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் படித்தவன்தான். ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி "தமிழ் மண்ணின் டைனோசர்" என்று தலைப்பு எடுத்தாள். அரியலூரில் கிடைத்த திராவிடோசாரஸ். முதுகில் தட்டுத் தட்டாக நிமிர்ந்து நிற்குமே, அந்த ஸ்டெகோசார் வகை. கவசம் போட்ட டைனோசர்களில் ஒன்று.

நன்றாக எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே தேடிப் படித்து ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ஆனால் இது டைனோசரே இல்லை, கடலில் வாழ்ந்த வேறு விலங்கு என்றும் சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்."

நான் சொன்னேன்: "பிள்ளை, உந்த வரியை எடுத்துவிடுவம். மூன்று நிமிசம்தான், நேரம் காணாது."

நேரம் காணாது என்பது பொய். அந்த வரியைச் சொல்லப் பத்து விநாடி போதும். என் பயம் வேறு. மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களின் முகம் மாறும், கைதட்டல் குறையும், பரிசு போய்விடும் என்று பயந்தேன். அவள் வரியை எடுத்தாள். பரிசும் கிடைத்தது. கீழே இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்: "அங்கிள், அந்த வரி பிழையா?" இல்லை என்றேன். "பிறகு ஏன் எடுக்கச் சொன்னீங்கள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அந்த வரிதான் அவளுடைய பேச்சிலேயே மிகவும் விஞ்ஞானமான வரி. அதை வெட்டியது நான் மட்டுமல்ல. பெருமை என்ற பெயரில் நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர் இதே வரியைத் தினமும் வெட்டிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும் தம்பி தங்கச்சிமாரே, நீங்கள் அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

படமும் எலும்பும்

வாட்ஸ்அப்பில் வரும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை நிற உடம்பு, முதுகில் தட்டுகள், வாலில் முட்கள், பின்னால் ஒரு எரிமலை. கீழே "உலகமே அறியாத தமிழர் டைனோசர்! பெருமையுடன் பகிருங்கள்!" என்று எழுதியிருக்கும். நீளம், எடை, என்ன தின்றது எல்லாம் போட்டிருப்பார்கள். எத்தனை எலும்பு கிடைத்தது என்பதை மட்டும் போட மாட்டார்கள்.

நடந்தது இதுதான். 1979இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரியலூர்ப் பகுதியில் எடுத்த எலும்புகளை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்புப் பகுதி எலும்புகள் சில, தட்டு என்று அவர்கள் கருதிய எலும்புகள், ஒரு முள். முழு எலும்புக்கூடு அல்ல. அதற்குத் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயர் வைத்தார்கள். எங்கே கிடைத்தது என்பதைக் காட்டத்தான் 'திராவிட' என்ற சொல். ஜுராசிக் காலத்தை ஜுரா மலை என்ற இடத்தின் பெயரால் அழைப்பது போல. யாருடைய முப்பாட்டன் என்பதற்கான பத்திரம் அல்ல. அந்த விலங்கு உயிரோடிருந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று தமிழும் இல்லை, தமிழரும் இல்லை, பெருமைப்படுவதற்கு உலகத்தில் ஒரு மனிதரும் இல்லை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சோஃபி என்று செல்லப்பெயர் வைத்த ஸ்டெகோசாரஸ் நிற்கிறதே, அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து 2014இல் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. அதில் 300க்கும் மேற்பட்ட எலும்புகள் உண்டு. எலும்புக்கூட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து "இது ஸ்டெகோசாரஸ்" என்று சொல்வதும், வெயிலிலும் மழையிலும் தேய்ந்த சில துண்டுகளைப் பார்த்து "இது ஸ்டெகோசார்" என்று சொல்வதும் ஒரே மாதிரி வேலை அல்ல. இரண்டாவது மிகக் கடினம். அதைச் செய்தவர்கள் முட்டாள்களும் அல்ல. ஆனால் கடினமான வேலையின் முடிவைச் சந்தேகத்தோடு கைமாற்ற வேண்டும். நாம் சந்தேகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முடிவை மட்டும் கைமாற்றுகிறோம்.

இந்த முடிவு சாதாரணமானதும் அல்ல. சோஃபியின் காலம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். நிச்சயமாகத் தெரிந்த ஸ்டெகோசார்கள் எல்லாம் ஜுராசிக் காலத்தையும் கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியையும் சேர்ந்தவை. அரியலூர் எலும்புகள் ஸ்டெகோசாருடையவை என்றால், உலகம் முழுவதும் அந்த இனம் அழிந்த பிறகும் இந்தியாவில் மட்டும் நீண்ட காலம் அது பிழைத்திருந்தது என்று அர்த்தம். அற்புதமான கதை. ஆனால் கதை எவ்வளவு பெரிதோ, ஆதாரமும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

1996இல் வந்த மறுப்பு

1996இல் சங்கர் சட்டர்ஜி, ருத்ரா என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் எதிர்க்கருத்தை வெளியிட்டார்கள். அந்த இடத்தையும் எலும்புகளையும் பார்த்து, இது டைனோசர் அல்ல, ப்ளீசியோசார் என்றார்கள். ப்ளீசியோசார் என்பது நான்கு துடுப்புக் கால்களோடு கடலில் நீந்திய ஊர்வன விலங்கு. டைனோசர் குடும்பமே இல்லை.

ஏன் இப்படிக் குழம்ப முடியும்? ப்ளீசியோசாரின் இடுப்பு எலும்புகளும் தோள் எலும்புகளும் அகலமான, தட்டையான தகடுகள். அப்படி ஒரு தகடு உடைந்து, ஓரம் தேய்ந்து, மேற்பரப்பு அரிக்கப்பட்டுக் கிடந்தால், அதை முதுகுத் தட்டின் துண்டு என்று நினைப்பது கடினமல்ல. அரியலூர் மண் வேறு கடல் மண். அங்கே இன்று சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் அங்கே ஏராளம்.

"அப்ப முடிஞ்சுதே, கடல் பாறையில் கிடைத்தால் கடல் விலங்குதானே?" என்று அவசரப்படாதீர்கள். இங்கேதான் நீங்கள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். 2011இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில், எண்ணெய் மணல் சுரங்கம் ஒன்றில், சுமார் 11 கோடி ஆண்டு பழைய கவச டைனோசர் ஒன்று கிடைத்தது. போரியலோபெல்டா என்று 2017இல் பெயர் வைத்தார்கள். தோல் கவசம் இருந்த இடத்திலேயே இருக்க, தூங்குவது போல் கிடந்தது. அது கிடைத்ததும் கடலடிப் பாறையில்தான். தரையில் செத்த உடல் ஆற்றோடு அடித்துக்கொண்டு போய், கடலில் மிதந்து, பிறகு மூழ்கியிருக்கிறது. ஆகவே பாறை ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. தீர்ப்பை எலும்புதான் சொல்ல வேண்டும்.

1996 மறுப்பையும் எல்லோரும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. மண்டையோடும் தட்டும் ப்ளீசியோசாருக்குப் பொருந்தாது என்று சொன்னவர்களும் உண்டு. ஆக, "இது தமிழ் மண்ணின் ஸ்டெகோசார்" என்று அடித்துச் சொல்பவருக்கும் ஆதாரம் போதாது. "சும்மா புருடா, எல்லாம் கடல் பல்லி" என்று சிரிப்பவருக்கும் ஆதாரம் போதாது. அந்தப் பிள்ளை எழுதிய வரிதான் சரியான வரி.

சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இரண்டாவது ஆட்களையும் எனக்குத் தெரியும். புலம்பெயர்ந்த நாட்டில் வளர்ந்த நம்மில் சிலருக்கு, நம் ஊர் சம்பந்தமான எதையும் பார்த்துச் சிரித்தால்தான் தாங்கள் 'மொடர்ன்' என்று ஒரு நினைப்பு. "இந்தியாவில் அப்படித்தான், எதையும் டைனோசர் என்பார்கள்" என்பார்கள். அவர்களுக்குச் சில பழைய கதைகள் சொல்ல வேண்டும.

1856இல் அமெரிக்காவின் பெரிய உடற்கூறியல் அறிஞர் ஜோசப் லைடி, மொன்டானா பக்கத்தில் கிடைத்த ஒரே ஒரு பல்லைப் பார்த்துப் புது விலங்குக்குப் பெயர் வைத்தார்: பாலியோசிங்கஸ். தமிழில் சொன்னால் 'பழங்கால அரணை'. அரணை இல்லை அது, கவச டைனோசர் ஒன்றின் பல். அதோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் ஓவியர்கள் அந்தப் பெயருக்கு ஒரு முழு உடம்பே கொடுத்தார்கள். ஒரு விலங்கின் முள் உடம்பு, வேறொரு வகை விலங்கின் வால் நுனியில் இருக்கும் எலும்புக் குண்டாந்தடி, இரண்டையும் ஒட்டினார்கள். அப்படி ஒரு பிராணி உலகத்தில் நடமாடியதே இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் பிள்ளைகளின் புத்தகங்களில் அது நடமாடியது. இன்று ஆய்வாளர்கள் அந்தப் பெயரைப் பாவிப்பதே இல்லை என்று சொல்லலாம். காரணம், அந்தப் பல்லை வைத்து அதை நெருங்கிய மற்ற இனங்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று இந்தியாவிலேயே நடந்தது. 1923இல் மாட்லி என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளையும் கவசத் துண்டுகளையும் சேர்த்து 'லாமெட்டாசாரஸ்' என்ற கவச டைனோசராக அறிவித்தார். 1935இல் சக்கரவர்த்தி என்ற இந்திய ஆய்வாளர் "இது உண்மையில் கவச டைனோசரா?" என்று நேராகவே கேட்டுக் கட்டுரை எழுதினார். அவர் கேட்டது சரி. இடுப்பும் காலும் ஊன் தின்னும் டைனோசருடையவை. கவசத் துண்டுகள் வேறு விலங்குடையவை. ஒரே இடத்தில் கிடந்தன என்பதற்காக ஒரே உடம்பில் ஏற்றிவிட்டார்கள்.

இதை எந்த நாட்டாரின் பிழை என்பது? உதிரி எலும்பைக் கையில் வைத்திருக்கும் எந்த மனிதருக்கும் வரக்கூடிய பிழை. கவச டைனோசர்களில் இது அதிகம் நடப்பதற்குக் காரணமும் உண்டு. அவற்றின் கவசம் தோலுக்குள் வளர்ந்த எலும்பு. மற்ற எலும்புகளோடு மூட்டுப் போட்டு இணைந்திருக்காது. விலங்கு செத்து அழுகினால் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிவிடும். முதலைக்கும் அப்படிக் கவசம் உண்டு. நீண்ட கழுத்துள்ள டைட்டனோசார்கள் சிலவற்றுக்கும் உண்டு. தரையில் கிடக்கும் ஒரு துண்டைப் பார்த்து 'யாருடையது' என்று சொல்வது, பஸ் நிலையத்தில் கிடக்கும் ஒரு பட்டனைப் பார்த்துச் சட்டைக்காரரைச் சொல்வது மாதிரி.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்?

அப்படியென்றால் ஒரு துண்டை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா? முடியும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மொரோக்கோவிலிருந்து.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மொரோக்கோவிலிருந்து ஒரு விலா எலும்புத் துண்டு வந்தது. அதன் மேல் முட்கள். சுமார் 16.5 கோடி ஆண்டு பழையது. அதை ஆராய்ந்த சூசன்னா மெய்ட்மென்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதே பகுதியிலிருந்து ஏற்கெனவே ஒரு ஸ்டெகோசாரை அடையாளம் கண்டவர்கள். ஆகவே இதுவும் ஸ்டெகோசாராக இருக்கலாம் என்பதுதான் முதல் எண்ணம். அந்த எண்ணத்தோடு நின்றிருந்தால் இன்னொரு பிழைக் கதை பிறந்திருக்கும்.

அவர்கள் நிற்கவில்லை. முட்கள் விலா எலும்போடு நேராகவே ஒட்டி வளர்ந்திருந்தன. அப்படி வேறு எந்த விலங்கிலும் பார்த்ததில்லை. யாராவது பசை போட்டு ஒட்டிய போலியோ என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள். போலி இல்லை. பிறகு எலும்பைக் கண்ணாடித் தாள் போல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார்கள். உள்ளே நார்கள் பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அந்தப் பின்னல் அங்கைலோசார் என்ற கவச டைனோசர் வகைக்கு உரியது. ஸ்டெகோசார் அல்ல. 2021இல் ஸ்பைகோமெல்லஸ் என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். ஒரு விலா எலும்புக்குப் பெயர் வைக்கிறார்களே என்று அப்போது யாருக்கும் சந்தேகம் வரலாம். ஆனால் 2025இல், மொரோக்கோ ஆய்வாளர்களும் சேர்ந்து, அதே விலங்கின் இன்னும் பல எலும்புகளை வெளியிட்டார்கள். கழுத்தைச் சுற்றி எலும்பு வளையம், அதில் 87 சென்டிமீட்டர் நீள முட்கள். அங்கைலோசார்தான். ஒற்றை எலும்பு சொன்னது சரி.

பாலியோசிங்கஸ் பல்லுக்கும் இந்த விலாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரு துண்டுதான். பல் பல விலங்குகளுக்குப் பொருந்தியது. விலா ஒன்றுக்குத்தான் பொருந்தியது. துண்டின் அளவை விட, 'வேறு யாருக்கும் இல்லாத அடையாளம் இதில் இருக்கிறதா' என்பதுதான் கேள்வி. இருந்தால் பெயர் சொல்லலாம். இல்லாவிட்டால் 'ஏதோ ஒரு கவச டைனோசர்' என்று நிறுத்த வேண்டும். அதுவும் நிச்சயமில்லை என்றால் 'ஏதோ ஒரு ஊர்வன விலங்கு' என்று நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் இந்தத் துறையின் கெட்டித்தனம்.

நான் புவியியல் படித்தவன் இல்லை. பொறியியலில் முதுகலை, வேலை ஐடி ஆலோசகர். ஆனால் இந்தப் பாடத்தை என் வேலையிலேயே அடிபட்டுப் படித்தேன். ஒரு வாடிக்கையாளரின் சிஸ்டம் இரவில் அடிக்கடி நின்றது. லாக்கில் ஒரே ஒரு வரி, 'பதில் வரவில்லை' என்று. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "டேட்டாபேஸ்தான் காரணம்" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு பேர் மூன்று நாள் டேட்டாபேஸை நோண்டினார்கள். கடைசியில் பார்த்தால் காலாவதியான ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். 'பதில் வரவில்லை' என்ற வரி பத்துக் காரணங்களுக்குப் பொருந்தும். நான் எனக்குப் பழக்கமான காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். எலும்பிலும் இதுதான் நடக்கிறது.

"இருக்கிறதையும் பறிக்கிறாயா?"

இதை வீட்டில் கதைத்தபோது என் மாமா ஒருவர் கோபப்பட்டார். "எங்களிட்ட இருக்கிறதே கொஞ்சம். இங்க பிறந்த பிள்ளையள் ஊர்ப் பெயரைச் சொல்லவே வெட்கப்படுதுகள். ஒரு டைனோசரைக் காட்டி ஆசை ஊட்டினால் உனக்கு என்ன நட்டம்?"

மாமாவின் கவலை உண்மையானது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஊர், வீடு, புத்தகம் எல்லாம் விட்டுவிட்டு வந்தவருக்குக் கையில் மிஞ்சும் ஒவ்வொரு பெருமையும் பெரிது. ஆனால் பதில் சொல்ல வேண்டும்.

மாமா, நட்டம் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளையிடம் போன் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தை அவள் இரண்டு நிமிடத்தில் சரிபார்ப்பாள். 'டைனோசரே இல்லை என்றும் சொல்கிறார்கள்' என்று கண்டுபிடித்த கணத்தில் அவள் இழப்பது ஒரு டைனோசரை அல்ல. உங்களை நம்புவதை இழக்கிறாள். அடுத்த முறை நீங்கள் கீழடியைப் பற்றியோ, எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றியோ, அதாவது முழு உண்மையான ஒன்றைச் சொல்லும்போதும், "இதுவும் அந்த டைனோசர் மாதிரியோ?" என்று நினைப்பாள். பொய்ப் பெருமையின் விலையை மெய்ப் பெருமைதான் கட்டுகிறது.

இன்னொரு நட்டம், எலும்புக்கே. பெயரைக் கொண்டாடுபவர்கள் எலும்பைத் தேடுவதில்லை. அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டிலிருந்து இன்னொரு விலங்கை விவரித்தார்கள்: புருஹத்காயோசாரஸ். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் ஊன் தின்னி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்து வகை என்று கருதப்பட்டது. உலகிலேயே மிகப் பெரியதாக இருக்கலாம் என்ற பேச்சும் உண்டு. ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. இன்று யாரும் திரும்ப எடுத்து அளக்க முடியாது. படமும் பெயரும் மட்டும்தான் மிச்சம். அரியலூர் மீது நமக்கு உண்மையான அன்பு இருந்தால், எலும்பு உதிராமல் காப்பதற்குப் பணம் கேட்கும் செய்தியைத்தான் பகிர்ந்திருப்போம்.

பெயர் வைத்தவரே

இந்தக் கதையில் எனக்கு மிகவும் மரியாதை வருவது ஒரு இடத்தில். அரியலூர்ப் பகுதியில் கிடைத்த இன்னொரு 'தட்டு', உலகின் கடைசி ஸ்டெகோசார்களில் ஒன்றுடையது என்று கருதப்பட்டு வந்தது. 2017இல் ஒரு கட்டுரை அதைத் திரும்ப ஆராய்ந்து, அதை ஸ்டெகோசாரின் தட்டாகக் கொள்ள முடியாது என்றது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஸ்டெகோசார் ஆய்வில் பெயர் பெற்ற பீட்டர் கால்டன். மற்றவர் அய்யாசாமி. ஆம், 1979இல் திராவிடோசாரஸுக்குப் பெயர் வைத்த இருவரில் ஒருவர்.

ஏறத்தாழ நாற்பது வருடங்கள் கழித்து, தன் ஊர்ப்பக்கத்து எலும்பைத் தானே மறுபடி கையில் எடுத்து, 'இது நாம் நினைத்தது இல்லை' என்று உலகத்துக்கு முன் எழுதுவது சின்னக் காரியம் அல்ல. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புபவர்கள் அவர் 1979இல் எழுதியதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்குப் பெருமை 2017இல். பேச்சுப் போட்டியில் சொல்ல வேண்டிய கதை அதுதான்.

தம்பி தங்கச்சிமாரே, அடுத்த முறை ஒரு டைனோசர் படம் உங்களிடம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். படத்தில் இருப்பதில் எது உண்மையாகக் கிடைத்த எலும்பு? அதே எலும்பு வேறு எந்த விலங்குடையதாக இருக்கலாம்? அந்த எலும்பு இப்போது எங்கே இருக்கிறது, இன்னொருவர் திரும்பப் பார்க்க முடியுமா? அனுப்பியவருக்குப் பதில் தெரியாவிட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "மாமா, பார்த்துச் சொல்கிறேன்." பார்த்துச் சொல்லவும் செய்யுங்கள். பெரியவர்களைத் திருத்துவது மரியாதைக் குறைவு இல்லை. திருத்தத் தேவையில்லாதவர்கள் என்று விட்டுவிடுவதுதான் மரியாதைக் குறைவு.

உங்களில் யாராவது ஒருவர் புவியியல் படிக்கலாம். அரியலூர் மாவட்டத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ் பேசத் தெரிந்தால் அந்த ஊர் ஆட்களிடம் நேராகவே கேட்கலாம், "இந்த மாதிரிக் கல் எங்கே கிடைக்கும் ஐயா?" என்று. உங்கள் சனிக்கிழமைத் தமிழ் அதற்கும் உதவும். சீவிய எலும்பை நுண்ணோக்கியில் பார்த்து, ஸ்டெகோசாரோ ப்ளீசியோசாரோ, என்ன வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

இந்த வருடமும் ஆண்டு விழா வருகிறது. அந்தப் பிள்ளையிடம் போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். வெட்டிய வரி என் கையெழுத்துக் கோட்டோடு இன்னும் அவளுடைய பழைய தாளில் இருந்தது. "இந்த முறை அந்த வரியிலிருந்தே தொடங்கலாமா அங்கிள்?" என்று கேட்டாள்.

தொடங்கு பிள்ளை. நேரம் காணும்.